யார் போய் அளந்தது? – நிலாவெளிக் கடற்றொழிலாளருக்கு ஒரு திறந்த மடல்

நிலாவெளி, கோபாலபுரம், இறக்கக்கண்டிக் கரைகளில் தொழில் செய்யும் அண்ணன்மாரே, நானாமாரே, தம்பிமாரே,

உங்கள் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறவள் நான். துருவத்துப் பனி உருகுகிறது, கடல் உயர்கிறது என்று செய்தியில் சொல்லும்போதெல்லாம் வாடிகளில் ஒரு கேள்வி எழுவதுண்டு. "உதையெல்லாம் யார் போய் அளந்தது?" மனித நடமாட்டமே இல்லாத வெள்ளைக் கண்டத்தில் பனி மெலிந்ததை எவர் கண்டார் என்பதுதான் அதன் பொருள். எனக்கு அது நல்ல கேள்வியாகவே படுகிறது. அளந்தவர் யார், எதைக் கொண்டு அளந்தார் என்று கேட்காமல் ஓர் அளவை நம்பத் தேவையில்லை. அந்தக் கேள்விக்குரிய மறுமொழியை, எனக்குத் தெரிந்த மட்டில், இங்கே எழுதுகிறேன். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்கவும் இருக்கிறது.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காலையிலிருந்து தொடங்குகிறேன். 2004 டிசம்பர் 26. சுமத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழிந்த வேளையில், ஜேசன்-1 என்ற செய்மதி இந்து சமுத்திரத்துக்கு மேலே 1,300 கிலோமீற்றருக்கும் கூடிய உயரத்தில் தன் வழமையான பாதையில் போய்க்கொண்டிருந்தது. கடல்மட்டத்தை அளப்பதுதான் அதன் வேலை. அன்று அது கடந்த பாதையின் கீழே ஆழ்கடல் அரை மீற்றருக்கு மேல் எழுந்து நின்றது. நம் கரைக்கு வந்த அதே பேரலை. ஆழ்கடலில் வள்ளத்தில் இருந்தவருக்கே தட்டுப்படாத அந்த எழுச்சியை வானத்துக் கருவி சென்ரிமீற்றர் கணக்கில் பதிந்து வைத்துவிட்டது. ஆனால் அந்தப் பதிவு தரைக்கு இறங்கி, கணக்குப் பார்க்கப்பட்டு, மனிதர் கண்ணில் பட மேலும் பல மணித்தியாலங்கள் பிடித்தன. எச்சரிக்கை தருவதற்காகக் கட்டிய செய்மதி அல்ல அது, ஆகவே அதைக் குறை சொல்ல முடியாது. அளவு இருந்தது, அதை நம் கரைக்குக் கொண்டுவர வழி இருக்கவில்லை. இத்தனை ஆண்டு கழிந்தும் இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இந்த மடலை எழுத வைத்ததும் இதுவே.

துருவப் பனியை அளப்பதும் அதே வகைக் கருவிதான். வள்ளத்தில் பூட்டும் எக்கோ சவுண்டர் கடலடிக்கு ஒலியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு எத்தனை பாகம் என்று சொல்கிறது. செய்மதி ஒலிக்குப் பதிலாக ராடர் அலையை அனுப்புகிறது. அந்த அலை செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடுவதால், உயரத்தில் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு செக்கனை 1,500 கோடி பங்காகப் பிரித்து எண்ண வேண்டியிருக்கிறது. ஒற்றைத் துடிப்பால் அது ஆகாது. ஏராளமான துடிப்புகளை அனுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். கடலுக்கு மேலே பறந்தால் கடல்மட்டம் கிடைக்கும், பனிக்கு மேலே பறந்தால் பனியின் உயரம் கிடைக்கும். அதே இடத்தை மாதத்துக்கு மாதம், ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்ப அளந்தால் பனி மெலிந்ததா தடித்ததா என்பது வெளிச்சமாகிவிடும்.

பனியில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் பட்ட ராடர் அலை மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்பும். உலர்ந்த பனித்தூளிலோ அது சில மீற்றர் உள்ளேயும் இறங்கிவிடும். அப்படியானால் எதை மேற்பரப்பு என்று எடுப்பது? இந்தச் சிக்கலைக் குறைத்த செய்மதிகளில் ஒன்று நமக்கு அயலில் இருந்தே புறப்பட்டது. இந்தியாவின் இஸ்ரோவும் பிரான்ஸின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து செய்த சரல், 2013 பெப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்டது. அதன் ராடர் அலை மற்றவற்றைவிடக் குறுகியது, ஆகவே பனிக்குள் அவ்வளவாக இறங்காது. துருவப் பாதைக்குப் போகும் ரொக்கட்டுகள் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நேர் தெற்கே பறப்பதில்லை என்பதும் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. நேரே வந்தால் நம் தீவின் தலைக்கு மேலேயே வர நேரும். எரிந்து கழன்ற பாகங்கள் இங்கே விழக் கூடாது என்பதற்காக முதலில் தென்கிழக்கே வங்கக் கடலுக்கு மேலே போய், இலங்கையைச் சுற்றி வளைந்து, பிறகுதான் தெற்கே திரும்புகின்றன. துருவத்தைப் பார்க்கப் போகும் கருவிகள் நம் கிழக்குக் கடலின் மேலாகத்தான் பயணம் தொடங்குகின்றன.

ராடருக்குப் பதில் ஒளியைக் கொண்டு அளப்பதும் உண்டு. 2018 செப்ரெம்பரில் நாசா அனுப்பிய ஐஸ்சற்-2 பச்சை லேசர் ஒளியைச் செக்கனுக்குப் பத்தாயிரம் தடவை துடிக்கவிடுகிறது. அது பறக்கும் வேகத்துக்கு 70 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை பனியைத் தொட்டுப் பார்க்கிற கணக்கு. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய இருபது இலட்சம் கோடி ஒளித்துகள்கள் கிளம்புகின்றன. கருவிக்குத் திரும்பி வருவது ஒரு டசின் மட்டில்தான். அந்த ஒரு டசினை வைத்தே உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஐரோப்பியர் செய்த முதல் கிறயோசற் 2005 ஒக்ரோபரில் ரொக்கட் பிழைத்துப்போய் ஆர்ட்டிக் கடலில் விழுந்துவிட்டது. அவர்கள் விட்டுவிடவில்லை. மறுபடி கட்டி 2010 ஏப்ரலில் அனுப்பினார்கள். பனிக்கண்டத்தின் விளிம்புச் சரிவுகளை, வேகமாக மெலியும் அந்த இடங்களையே, நன்றாக அளக்கும்படி அதற்கு இரண்டு அன்ரனா வைத்தார்கள்.

இதுவரை சொன்னது உயரம். இன்னும் வியப்பான ஒரு வழி இருக்கிறது. பனியை நிறுத்தே பார்க்கிறார்கள்.

2002 மார்ச்சில் கிரேஸ் என்ற பெயரில் இரண்டு செய்மதிகளை அனுப்பினார்கள். ஒன்றன் பின் ஒன்றாக, ஏறக்குறைய 220 கிலோமீற்றர் இடைவெளியில், ஒரே பாதையில் அவை ஓடின. கீழே நிறை கூடிய இடம் வந்தால் முன்னே போவது சற்று இழுபட்டு முந்தும். பிறகு பின்னால் வருவது இழுபடும். இடையில் உள்ள தூரம் தலைமயிரின் தடிப்பைவிடப் பல மடங்கு சிறிய அளவில் கூடிக் குறையும். அந்த மாற்றத்தை அளந்து, கீழே எங்கே எவ்வளவு நிறை கூடியது, குறைந்தது என்று மாதாமாதம் கணக்கிட்டார்கள். 2017 வரை அவை ஓடின. 2018 மே முதல் அடுத்த சோடி ஓடுகிறது. சுமத்திராவின் அந்தப் பூமியதிர்ச்சி கடலடிப் பாறையை இடம்பெயர்த்ததால் அங்கே ஈர்ப்பு மாறியதையும் கிரேஸ் கண்டுபிடித்தது. நம் சுனாமியைப் பிறப்பித்த பிளவையும் அந்தாட்டிக்காவின் பனியையும் ஒரே தராசு நிறுத்திருக்கிறது.

ஈர்ப்பு என்றதும் நம் கடலைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகமுடியாது. கடல் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உலகத்தில் ஈர்ப்பு மிகக் குறைந்த பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. பூமியைச் சீரான, சற்றே தட்டையான உருண்டையாகக் கற்பனை செய்து வரையும் மட்டத்துக்கு அங்கே கடல் 106 மீற்றர் தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நம் தீவு முழுவதும் இருக்கிறது. எங்கே நிறை கூடவோ அங்கே கடல் குவியும், எங்கே குறையவோ அங்கே தாழும். இதை மனதில் வைத்திருங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

மூன்றாவது வழி, பனி எவ்வளவு வேகமாகக் கடலுக்குள் இறங்குகிறது என்று பார்ப்பது. பனியாறு என்பது உண்மையிலேயே ஓடுகிற ஆறு. அந்தாட்டிக்காவின் மேற்கில் உள்ள பைன் ஐலண்ட் பனியாறு ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் நகர்கிறது. செய்மதி வெவ்வேறு நாட்களில் எடுத்த இரண்டு ராடர் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியும். இன்னொன்றும் தெரியும். பனியாறு நிலத்தில் இருந்து இறங்கிக் கடலில் மிதக்கத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. மிதக்கும் பகுதி ஏற்றவற்றத்தோடு ஏறி இறங்கும், தரைதட்டி நிற்கும் பகுதி அசையாது. படங்களை ஒப்பிட்டால் அந்த எல்லைக்கோடு துல்லியமாகத் தெரியவரும். 1992 முதல் 2011 வரையான படங்களில் பைன் ஐலண்டின் அந்தக் கோடு நடுப்பகுதியில் 31 கிலோமீற்றர் உள்வாங்கியிருப்பதை எரிக் ரின்யோவும் அவரோடு இருந்தவர்களும் 2014இல் வெளியிட்டார்கள். நிலாவெளியில் இருந்து கரையோரமாகக் குச்சவெளியைக் கடந்து போகும் தூரம் அது.

பைன் ஐலண்டுக்குப் பக்கத்தில் இருப்பது துவெயிட்ஸ். ஒரே பனியாறுதான், ஆனால் பரப்பில் இலங்கையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அது உட்கார்ந்திருக்கும் தரை கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. உள்ளே போகப் போக இன்னும் ஆழமாகிறது. ஆகவே கோடு உள்வாங்கினால் கடல் நுழைய இடம் கூடுகிறது, பனி இன்னும் வேகமாக இறங்குகிறது. துவெயிட்ஸ் முழுவதும் போனால் உலகக் கடல் 65 சென்ரிமீற்றர் உயரும் என்கிறார்கள். அது நம் காலத்தில் ஒரேயடியாக நடக்கிற காரியம் அல்ல. பயமுறுத்த எழுதவில்லை, தொடங்கியிருப்பதை அளந்து கண்டிருக்கிறார்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

மிதக்கிற பனி உருகினால் கடல் உயராது, அது ஏற்கெனவே கடலில்தானே கிடக்கிறது என்று உங்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார். சரியான பேச்சு. ஆனால் மிதக்கும் பனித்தட்டு பின்னால் இருக்கும் பனியாறுகளைத் தடுத்துப் பிடித்திருக்கிறது. 2002ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள், முப்பத்தைந்து நாளில், அந்தாட்டிக்காவின் லார்சன்-பி என்ற பனித்தட்டில் 3,250 சதுர கிலோமீற்றர் நொறுங்கிப் போனதைச் செய்மதி நாளுக்கு நாள் படம்பிடித்தது. நம் திருகோணமலை மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலும் அந்தப் பரப்பு வராது. அது போன பிறகு அதற்குப் பின்னால் நின்ற பனியாறுகள் சில பல மடங்கு வேகத்தில் கடலுக்குள் இறங்கத் தொடங்கின.

உயரம், நிறை, ஓட்டம் என்று மூன்று வழி. மூன்றும் ஒன்றை ஒன்று சாராதவை. முன்னே இவை கொடுத்த கணக்குகள் ஒத்துப்போகாமல்தான் கிடந்தன. 2012இல் அன்ட்ரூ ஷெப்பர்ட் என்பவரின் தலைமையில் இந்த மூன்று வழியிலும் அளந்த ஆய்வாளர் எல்லோரும் ஒரே மேசையில் தங்கள் அளவுகளை வைத்து, ஒரே காலத்துக்கு, ஒரே எல்லைக்குக் கணக்குப் பார்த்தார்கள். கணக்குகள் பொருந்தி வந்தன. 2023இல் வெளிவந்த அவர்களின் பிந்திய கணக்கு சொல்வது இது: 1992 முதல் 2020 வரை கிறீன்லாந்தும் அந்தாட்டிக்காவும் சேர்ந்து இழந்த பனி 7 இலட்சத்து 56 ஆயிரம் கோடி தொன். அதனால் மட்டும் உலகக் கடல் 21 மில்லிமீற்றர் உயர்ந்தது. கிழக்கு அந்தாட்டிக்காவில் பனி பொழிந்து சேரும் இடங்களும் உண்டு, அங்கே கணக்கில் ஐயமும் கூட. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். என் மட்டில், அப்படி மறைக்காததே அந்தக் கணக்கை நம்புவதற்கு முதல் காரணம்.

யார் அளந்தது என்று கேட்டீர்கள் அல்லவா? பல நாட்டவர், ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டு, வெவ்வேறு கருவிகளால் அளந்திருக்கிறார்கள்.

21 மில்லிமீற்றர் என்றால் ஒரு விரலின் தடிப்புக்குச் சற்றுக் கூட. அதோடு வெப்பமேறி விரியும் கடலையும், இமயம் போன்ற மலைகளில் உருகும் பனியையும் சேர்த்தால் 1993 முதல் உலகக் கடல் உயர்ந்தது ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர். அப்போது ஆண்டுக்கு 2 மில்லிமீற்றர் மட்டில் இருந்த வேகம் இப்போது 4ஐத் தாண்டிவிட்டது.

இங்கேதான் முன்னே சொன்ன ஈர்ப்புக் கணக்கு வருகிறது. அந்தாட்டிக்காவின் மாபெரும் பனி, தன் நிறையால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. கிறீன்லாந்தும் அப்படியே. பனி குறைந்தால் அந்த இழுவையும் குறையும், இழுத்து வைத்த தண்ணீர் விலகிப் போகும். உருகும் பனிக்கு அருகே கடல் தாழ்ந்துகூடப் போகும். விலகிய தண்ணீர் வந்து சேருவது தொலைவில், நம்மைப் போல நடுக்கோட்டுக்கு அருகே இருப்பவர்களிடம். ஆகவே இரண்டு துருவத்தில் எது உருகினாலும் நம் பங்குக்கு உலகச் சராசரியைவிடக் கூடவே வரும். அவ்வளவு தொலைவில் நடப்பதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று இனி யாராவது கேட்டால், தொலைவில் இருப்பதே நமக்குப் பாதகம் என்று சொல்லுங்கள்.

இனி நம் கரைக்கு வருகிறேன். இங்கே நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. வாடைக் காலத்தில் ஒரு வாரத்துக்குள் வள்ளம் ஏற்றும் இடம் அரித்துப்போனால், அதற்குத் துருவப் பனியைக் காரணம் காட்ட என்னால் முடியாது. ஆண்டுக்கு நான்கு மில்லிமீற்றர் அப்படிச் செய்யாது. வாடையில் கடல் இழுத்த மணலைச் சோழகம் திருப்பித் தருவது இந்தக் கரையின் இயல்பு. மணல் அள்ளுவது, தாழையையும் அடம்பன் கொடியையும் அழிப்பது, கரைக்கு மிக அருகே மதில் எழுப்புவது எல்லாம் அந்த மணல் திரும்பி வருவதைக் கெடுக்கின்றன. இவற்றுக்குப் பொறுப்பானவர்கள் அந்தாட்டிக்காவைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது என்பதற்காகவும் நமக்குச் சரியான கணக்கு வேண்டும்.

ஆனாலும் அந்த மில்லிமீற்றர்கள் சும்மா போவதில்லை. நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீற்றர்கூட வராது. கடல் அதிகம் ஏறி இறங்காததால்தான் வாடிகளும் வீடுகளும் கிணறுகளும் நீர்மட்டத்துக்கு இவ்வளவு நெருக்கமாக வந்திருக்கின்றன. நிலாவெளி முதல் குச்சவெளி வரை மணலுக்குள் தங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். அது உப்புநீரின் மேல் மிதந்து கிடக்கிறது. அடியில் உப்புநீர் சிறிது மேலே வந்தாலும் மணலில் தோண்டிய பூவல் முதலில் கரிக்கும். அடுத்த சூறாவளியின் அலையும் பத்து சென்ரிமீற்றர் உயர்ந்த கடலின் மேல் ஏறித்தான் வரும்.

இவ்வளவையும் அளக்கும் செய்மதிக்கு நம் கரை மட்டும் சரியாகத் தெரியாது என்பதுதான் பெரிய குறை. கரையை நெருங்கும்போது ராடர் அலையில் நிலத்தின் எதிரொலியும் கலந்துவிடுகிறது. கரையில் இருந்து பல கிலோமீற்றர் தூரம் வரை அதன் அளவு குழம்பிக்கிடக்கும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போன நிசார் என்ற செய்மதி, நிலமும் பனியும் அசைவதை 12 நாளுக்கு ஒருமுறை பார்க்கும். அதுவும் நம் கடற்கரை மணலின் ஏற்ற இறக்கத்தைச் சாண் கணக்கில் வந்து சொல்லாது. திருகோணமலைத் துறைமுகத்தில், நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவின் கடல்மட்ட அளவி ஒன்று இருக்கிறது. துறைமுகத்துக்கும் நிலாவெளிக்கும் இடையில் யாருடைய அளவும் இல்லாத கரை நீண்டு கிடக்கிறது.

அதை நாமே அளக்க வேண்டும் என்பதுதான் உங்களிடம் நான் கேட்பது. பெரிய கருவி வேண்டாம். ஒரே உயரமுள்ள, சென்ரிமீற்றர் குறித்த இரண்டு கம்புகளும் ஒரு கயிறும் போதும். அசையாத ஓரிடத்தில், கிணற்றுக் கட்டிலோ கோயில், பள்ளிவாசல் அத்திவாரத்திலோ பாறையிலோ குறி வைத்து, அங்கிருந்து கடலை நோக்கிக் கயிற்றளவுக்கு ஒரு தடவை கம்புகளை நிறுத்திக்கொண்டே போக வேண்டும். கரைப்பக்கக் கம்பில் நிற்பவர், கடல்பக்கக் கம்பின் உச்சியும் அடிவானமும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணைத் தாழ்த்திப் பார்ப்பார். அந்தப் பார்வை தன் கம்பை வெட்டும் இடத்துக்கும் உச்சிக்கும் உள்ள இடைவெளிதான் மணல் இறங்கிய அளவு. உலகம் முழுவதும் கடற்கரை ஆய்வாளர்கள் செய்கிற முறை இது. அடிவானத்தைப் பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு இருப்பதுபோல் அவர்கள் பலருக்கு இல்லை.

ஆண்டுக்கு இரண்டு தடவை போதும். வாடை ஓய்ந்த பிறகு பங்குனிப் பூரணைக்கு ஒன்று, வாடை தொடங்குமுன் புரட்டாதிப் பூரணைக்கு ஒன்று. எப்போதும் அதே குறி, அதே பருவம். அன்றே அயல் கிணறுகளின் உவர்ப்பையும் பதியலாம், அதற்குரிய மானியின் விலை அதிகம் இல்லை. ஒரு பிரதி உங்கள் சங்கத்தில், ஒரு பிரதி பாடசாலையில். துறைமுக அளவியின் மாதக் கணக்கைக் கேட்டு எழுதும் கடிதத்தை நான் தயாரித்துத் தருகிறேன், சங்கம் கையொப்பமிட்டால் போதும். நாளை கல்லணை வேண்டும் என்றோ மணல் அள்ளுவதை நிறுத்து என்றோ கரையோரம் பேணல் திணைக்களத்துக்குப் போகும்போது, கையில் பத்தாண்டு அளவுத் தாள் இருந்தால் உங்கள் பேச்சைத் தட்டிக்கழிப்பது எவருக்கும் எளிதாக இருக்காது.

கம்பும் கயிறும் தாளும் மாணவர் கொண்டுவருவார்கள். எந்த இடத்தில் மணல் திரும்பி வருகிறது, எந்த இடத்தில் வருவதில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே குறி வைக்க வேண்டிய இடங்களைப் பங்குனிக்கு முன் நடக்கும் சங்கக் கூட்டத்தில் நீங்கள் பேசி முடிவெடுத்து, பாடசாலைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் புவியியல் ஆசிரியை,
நிலாவெளி.